யு.எஸ். முத்திரை கோல்ட் ரிவால்வர், 5½ அங்குலக் குழல், பொருந்தாத எண்கள்: போலியா?

அமெரிக்க அரசின் யு.எஸ். முத்திரையுள்ள பழைய கோல்ட் ரிவால்வரில், உறுப்புகளில் பொறித்த தொடர் எண்கள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃப்ரேமில் (உடற்சட்டம்) ஓர் எண், ட்ரிகர் கார்டில் (விசையைச் சுற்றிய வளையம்) வேறு எண், குழல் 5½ அங்குலம் என்றால், அது பெரும்பாலும் 'ஆர்ட்டிலரி' வகை சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி (கோல்ட் நிறுவனத்தின் ராணுவ ரிவால்வர்).

அமெரிக்க ராணுவம் வாங்கியபோது இவற்றின் குழல் 7½ அங்குலம். 1890களின் நடுவிலிருந்து பழைய குதிரைப்படை ரிவால்வர்களைக் கழற்றிப் பழுதுபார்த்து, குழலை வெட்டிக் குறைத்தார்கள். திரும்பப் பூட்டும்போது எந்த உறுப்பு எந்த எண்ணுக்குரியது என்று பெரும்பாலும் பார்க்கவில்லை.

சிலிண்டரின் ஆறு அறைகளும் காலியா என்று முதலில் பாருங்கள். பிறகு எஜெக்டர் உறையின் (வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் கம்பியின் கூடு) ஒற்றைத் திருகைக் கழற்றினால், அதன் கீழே குழலில் எண் இருக்கிறதா என்று தெரியும். திருப்புளி முனை திருகின் வெட்டில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வெட்டு சிதைந்தால் மதிப்பு குறையும். மரப்பிடியில் ஆர்.ஏ.சி. முத்திரை தெரிந்தால் நல்ல அறிகுறி: பழுதுபார்த்தவற்றைச் சோதித்த ரினால்டோ கார் என்பவருடையது அது.

எச்சரிக்கை ஒன்று: எல்லா எண்களும் ஒத்துப்போகும் 5½ அங்குல யு.எஸ். துப்பாக்கிதான் அதிக சந்தேகத்துக்குரியது. குதிரைப்படை ரிவால்வரைப் பிற்காலத்தில் யாரோ வெட்டியிருக்கலாம். வாங்குமுன் ஃப்ரேம் எண்ணைக் கொடுத்து கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் கடிதம் (அந்தத் துப்பாக்கி பற்றிய பழைய பதிவேட்டு விவரம்) பெறுங்கள். பழைய பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கவே கூடாது.