ஆய்வேடு இழுபடுவது சோம்பலாலா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போய் வருகிறேன். இறுதியாண்டு. வாவி மீனவர் 60 பேரிடம் வினாக்கொத்து நிரப்பி எடுத்தும் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. ஆய்வேடு கொடுக்க ஏழு கிழமைதான் இருக்கு. லெப்டொப்பைத் திறந்தால் வீடு கூட்ட வேணும் போல இருக்கும். நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறி வீடு கூட்ட மாட்டார். வினாக்கொத்தைத் தொட்டால் வருகிற படபடப்பில் இருந்துதான் நீங்கள் தப்பி ஓடுகிறீர்கள். தும்புத்தடியைத் தூக்கியதும் மனம் லேசாகிறது. அந்த லேசுக்குப் பழகித்தான் அடுத்த நாளும் அதையே செய்கிறீர்கள்.

உளவியலாளர் ஜோசப் பெராரி மூன்று வகை சொல்வார்: கடைசி நேரப் பரபரப்பைத் தேடுபவர், தோல்விக்கும் பிறர் மதிப்பீட்டுக்கும் அஞ்சித் தவிர்ப்பவர், முடிவெடுக்க முடியாமல் இழுப்பவர். 2010 இல் ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல் இதை மீளாய்வு செய்தபோது இந்தப் பிரிப்புக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ‘நெருக்கினால்தான் எனக்கு ஓடும்’ என்பது பெரும்பாலும் முடிந்த பிறகு சொல்லும் சமாதானம். ஆகவே வகையைத் தேடாமல், கை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

கட்டை அவிழ்க்கவே மனம் வராவிட்டால் வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். ‘தரவு ஏற்றுவது’ ஒரு வேலையே இல்லை. ‘1 முதல் 10 வரையான வினாக்கொத்தை எக்செல்லில் பதிவது’ வேலை. அதற்கு நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே கட்டிவையுங்கள்: ‘காலைத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும், முன்விறாந்தை மேசையில் இருந்து முதல் பத்தைப் பதிவேன்.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று கட்டிய திட்டம், வெறும் ‘நாளைக்குச் செய்வேன்’ என்பதைவிட நன்றாக நிறைவேறுவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போன் வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாது. 25 நிமிடத்தில் எழும்பலாம். ஆனால் எழும்ப முதல், அடுத்து எந்த இலக்கத்தில் தொடங்குவது என்று ஒரு துண்டில் எழுதி மேலே வையுங்கள். இதை விட்டால் மறுநாள் மறுபடியும் முதலில் இருந்து தயங்குவீர்கள்.

எந்த அட்டவணை போடுவது, எந்த அத்தியாயத்தை முதலில் எழுதுவது என்பதில் நின்றால் அது முடிவுச் சிக்கல். மேற்பார்வையாளரிடம் ‘என்ன செய்ய சேர்?’ என்று கேட்காமல், இரண்டு வழியை எழுதி ‘இதில் எது?’ என்று கேளுங்கள். பதில் வேகமாக வரும்.

நாட்கணக்கும் ஏமாற்றும். 1994 இல் கனடாவில் ரொஜர் பியூலர் குழு ஆராய்ந்த மாணவர்கள், ஆய்வேடு முடிய சராசரி 33.9 நாள் எடுக்கும் என்றார்கள், எடுத்ததோ 55.5 நாள். அந்த வீதப்படி உங்கள் 49 நாளில் அடங்குவது, நீங்கள் 30 நாள் வேலை என்று நினைக்கும் அளவுதான். அதற்கு மேல் உள்ள அத்தியாய ஆசைகளை இப்போதே வெட்டுங்கள்.

போன கிழமைகளுக்காக உங்களையே திட்ட வேண்டாம். முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தம்மை மன்னித்த மாணவர்கள் அடுத்ததற்குக் குறைவாகவே தள்ளிப்போட்டதை 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. குற்றவுணர்வு கூடினால் அந்தக் கட்டைப் பார்க்கவே கண் கூசும்.

நித்திரையும் பசியும் குறைந்து, முன்பு பிடித்த எதிலும் இரண்டு கிழமைக்கு மேல் நாட்டமில்லாமல் இருந்தால் இது தள்ளிப்போடுதல் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 க்கு அழையுங்கள்.