சித்திரையிலும் ஸ்னோ: முட்டும் பிரஷரும் உள்ளவர் ரொறன்ரோ போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. பிரஷருக்குப் பத்து வருடமாக அம்லோடிபின் எடுக்கிறேன். முட்டு வருத்தமும் (ஆஸ்துமா) இருக்கிறது. மகளுக்கு மே மாதம் பிள்ளைப்பேறு. பார்த்துக்கொள்ள நான் ஏப்ரல் கடைசியில் ரொறன்ரோ போக வேண்டும். அங்கே இப்போது வசந்த காலம், குளிர் போய்விடும் என்றுதான் ரிக்கற் போட்டோம். ஆனால் நேற்று மகள் வீடியோவில் வாசலைக் காட்டினாள், முழங்கால் வரை ஸ்னோ. மே மாதத்திலும் கொட்டலாம் என்கிறாள். எனக்கு மார்கழிக் குளிருக்கே இருமல் வந்துவிடும். வாயால் இழுக்கும் மருந்தில் மண்ணிறப் பம்மை, சுகமாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டேன், நீலப் பம் மட்டும் வாரத்தில் மூன்று நாலு தரம் எடுக்கிறேன். இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்குமா? பயணத்தைத் தள்ளிப் போடவா?
- கொக்குவில் வாசகி

பதில்: அம்மா, நீங்கள் போகலாம். ரிக்கற்றை மாற்றச் சொல்லும் அளவுக்கு உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான், ஸ்னோவை விட அதிகமாக என்னைக் கவலைப்படுத்துகிறது. மண்ணிறப் பம்மை நிறுத்தியதைச் சொல்கிறேன்.

நீலப் பம் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும். உடனே சுகம் தெரிவதால் எல்லோருக்கும் அதில்தான் நம்பிக்கை. ஆனால் குழாயின் உள்பக்க வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது மண்ணிறப் பம்மில் இருக்கும் மருந்து. அது எடுத்தவுடன் எதுவும் தெரியாது, நாள்தோறும் எடுத்துவந்தால்தான் வேலை செய்யும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். நீலப் பம் வாரத்தில் இரண்டு தரத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் முட்டு கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கு மூன்று நாலு தரம் தேவைப்படுகிறது, அதுவும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில். உள்ளே வீங்கியிருக்கும் குழாயோடு குளிர்ந்த, வறண்ட காற்றை இழுத்தால் அது சட்டென்று இறுகும். ஆகவே இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி தொடங்கினால் நீங்கள் விமானம் ஏறும் நேரத்துக்குக் குழாய் ஓரளவாவது தணிந்திருக்கும். எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

இனி அந்த ஸ்னோவைப் பற்றி. மகள் சொல்வது உண்மை. வட துருவத்துக் குளிர்காற்றை வடக்கிலேயே வைத்திருக்கும் உயரத்துக் காற்றோட்டம் சில வேளைகளில் வளைந்து தெற்கே இறங்கிவிடும். அப்போது வசந்த காலத்தின் நடுவிலும் அங்கே பனி கொட்டும். 2018 ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் பனிமழை பெய்து வீதியெல்லாம் கண்ணாடி போல உறைந்தது. 2020 மே 9ஆம் திகதி நியூயோர்க் நகரத்திலேயே ஸ்னோ விழுந்தது, அதே நாட்களில் ரொறன்ரோவிலும் தூவியது. ஆனால் இப்படி வரும் குளிர் நீண்ட நாள் நிற்காது. வெயில் ஏறியதும் கரைந்துவிடும். தை மாதத்துக் கனடாவில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை வரை இறங்குவதைப் போன்றதல்ல இது, பெரும்பாலும் பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். நுவரெலியாவில் மாசி மாத விடியற்காலையில் புல்லில் உறைபனி பிடிக்கும் அல்லவா, அந்தக் குளிரை விட ஓரளவு கூட, அதோடு காற்றும் சேரும். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் விரல் உறைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

பிந்தி வரும் ஸ்னோவில் எனக்குப் பயம் வேறு விதமானது. ஊர்க்காரர்கள் எல்லோரும் குளிர்காலம் முடிந்தது என்று தடித்த ஜக்கற்றை உள்ளே வைத்துவிட்டிருப்பார்கள். படியில் உப்புத் தூவுவதை நிறுத்தியிருப்பார்கள். பகலில் ஸ்னோ கரைந்து ஓடும், இரவில் அதே தண்ணீர் நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக உறையும். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஜன்னலால் பார்க்கிற நமக்கு அது நம்மூர் வெயில் மாதிரியே இருக்கும். குப்பைப் பையை வைத்துவிட்டு வருவோம் என்று சேலையோடும் இறப்பர் செருப்போடும் ஒரு அம்மா கதவைத் திறப்பார். சறுக்கி, கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும், பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு உள்ளுக்குள் மெலிந்திருப்பதை யாரும் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைப்பேற்றுக்குப் போனவரே கட்டிலில் கிடந்தால் அந்த வீடு என்ன பாடுபடும்! ஆகவே ஸ்னோ விழுந்த நாளிலும் அடுத்த நாள் காலையிலும் வெளி வேலை உங்களுக்கு வேண்டாம். போகத்தான் வேண்டும் என்றால் அடி தடித்த, பள்ளம் பள்ளமாகப் பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும், அதை அங்கேயே வாங்கட்டும். இரண்டு சொக்ஸ் போடும் இடம் இருக்க வேண்டும். கையைப் பொக்கற்றுக்குள் விடாமல், குட்டிக் குட்டி அடியாக நடக்க வேண்டும். ஸ்னோவை அள்ளித் தள்ளும் வேலையில் ஒரு நாளும் கை வைக்காதீர்கள். குளிரில் அந்தப் பாரத்தைத் தூக்கும்போது மாரடைப்பு வந்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

பிரஷருக்கு வருகிறேன். குளிர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். உள்சூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்யும் வேலை அது. ஆனால் சுருங்கிய குழாய்க்குள் அதே இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கும், பிரஷர் சில புள்ளிகள் ஏறும். இங்கே 140க்கு 90க்குக் கீழே நிற்பவருக்கு அது பெரிய விஷயம் அல்ல. இங்கேயே 160ஐத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு விஷயந்தான். உங்கள் கடைசி அளவை நீங்கள் எழுதவில்லை. கிளினிக்கில் பார்த்து, கூடியிருந்தால் பயணத்துக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பயணக் காப்புறுதிகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய் குறிப்பிட்ட காலம் மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பம்மை மறுபடி தொடங்கினாலோ பிரஷர் மருந்தின் அளவு மாறினாலோ காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குப் பயந்து மருந்தை மாற்றாமல் விடுவது சரியல்ல, உடம்புதான் முதலில்.

மாத்திரை நேரம் குழம்பும். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் அந்த மாதங்களில் ஒன்பதரை மணி வித்தியாசம். காலையில் எடுக்கிற மாத்திரையை அங்கே போனதும் அவர்களின் காலையில் எடுங்கள், இடையில் சில மணி நேரம் கூடினால் பரவாயில்லை. தவறியது என்று இரண்டைச் சேர்த்து விழுங்க வேண்டாம். மருந்து முழுவதும், பம் உட்பட, கைப்பையில் வர வேண்டும், பெரிய சூட்கேசில் போட்டால் அது வேறு ஊருக்குப் போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நிற்கிற நாட்களுக்கும் அதற்கு மேல் இரண்டு மூன்று வாரத்துக்கும் கொண்டுபோங்கள்.

அங்கே தடிமன் பிடித்தால் மகளோ மருமகனோ பார்மசியில் ஒரு மாத்திரை வாங்கி வருவார்கள். பாசத்தில் செய்வது. ஆனால் மூக்கடைப்பைத் திறக்கும் மாத்திரைகள் பலவற்றில் சூடோஎபெட்ரின் போன்ற மருந்து கலந்திருக்கும், அது உங்கள் பிரஷரை ஏற்றிவிடும். ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளும் பிரஷருக்கு ஆகாது, முட்டு உள்ளவர்களில் சிலருக்கு இழுப்பையும் கிளப்பிவிடும். காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் பனடோல் போதும். அங்கே வேறு பெயரில் கிடைக்கும், அதனால் இங்கிருந்தே ஒரு அட்டை கொண்டுபோங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளி. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் பம்மின் இடத்தை அது பிடிக்காது.

வெளியே போக வேண்டியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன் நீலப் பம்மை எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிரில் இழுப்பு வருபவர்களுக்கு அது பல வேளைகளில் உதவும். மூக்கையும் வாயையும் சால்வையால் மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள். துணிக்குள் தங்கும் உங்கள் மூச்சே அடுத்த காற்றைச் சூடாக்கி ஈரமாக்கிவிடும். பம் ஜக்கற்றின் உள்பக்கத்தில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும், குளிர்ந்த பம் சரியான அளவு மருந்தை விடாது. உடுப்பு ஒரே தடித்ததாக இல்லாமல் இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் உள்ளே வந்ததும் கழற்றலாம். ஒரு சுவெற்றரும் தொப்பியும் சொக்ஸும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு வெளியே கார் வரும் வரை நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் முதல் குளிர் அடிக்கும்.

வீட்டுக்குள் வேறு தொல்லை. ஹீற்றர் காற்றை உலர்த்திவிடும். தோல் வெடிக்கும், மூக்கில் இரத்தம் எட்டிப் பார்க்கும். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள். நல்லெண்ணெய் பூசலாம். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்கிறது, உங்களுக்கு அதை விடக் கூட வேண்டியிருக்கும். குளிருகிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். விருந்தாளி போல ஒதுங்கி இருக்க வேண்டாம். குழந்தைக்குச் சாம்பிராணி போடும் வழக்கத்தை மட்டும் அங்கே விட்டுவிடுங்கள். கதவு ஜன்னல் பூட்டிய வீட்டில் அந்தப் புகை உங்கள் மூச்சுக்குழாய்க்கும் பிஞ்சின் நுரையீரலுக்கும் கெடுதி. தணல் சட்டியை உள்ளே வைப்பது உயிருக்கே ஆபத்து, மணமில்லாத நச்சு வாயு சேர்ந்துவிடும். பிறந்த குழந்தையோடு இருக்கப் போகிறீர்கள் என்பதால் குக்கல் இருமலுக்கும் இன்புளுவென்சாவுக்கும் ஊசி போடுவது பற்றியும் கிளினிக்கில் கேளுங்கள். குழந்தையோடு சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்வது நல்லது.

நான் கண்டு மனம் நொந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் அம்மாமார் நெஞ்சுவலியைக் கூட மறைக்கிறார்கள். வைத்தியசாலைக்குப் போனால் பிள்ளைக்குச் செலவு, பச்சை உடம்புக்காரியை ஏன் பயப்படுத்துவான், ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். நெஞ்சை அழுத்துவது போன்ற நோவு, வியர்வை, ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் அந்த நிமிடமே மகளை எழுப்பி 911க்கு அழைக்கச் சொல்லுங்கள். இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, நீலப் பம்மை ஸ்பேசரில் (பம்மோடு பொருத்தி மருந்தை இழுக்கும் பிளாஸ்ரிக் குழாய்) ஒரு தடவை அமுக்கி மூச்செடுத்து, அரை நிமிடம் விட்டு மறுபடி, இப்படிப் பத்துத் தடவை வரை எடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டாலோ, ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினாலோ, அதே 911. குளிரில் நின்ற பிறகு ஒருவர் தூக்கம் தூக்கமாகி, பேச்சுத் தடுமாறினால் உடல் சூடு 35 பாகைக்குக் கீழே போயிருக்கலாம், அதுவும் அவசரந்தான்.

ஸ்பேசர் உங்களிடம் இல்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு பம்மையும் எடுத்துப்போய் தாதி முன்னால் இழுத்துக் காட்டுங்கள், பாதிப் பேர் பிழையாகத்தான் இழுக்கிறார்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதவை எல்லாவற்றையும் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி, பாஸ்போட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.