பந்தயத்தில் பிறந்த குளிர்காலம்

கே: ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஊர் என்றாலே செயின்ட் மோரிட்ஸ் என்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்? (வாசகி, தஞ்சாவூர்)

ப: சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். முதலில் பேர் வாங்கியது பனியால் இல்லை, இரும்புச்சத்துள்ள ஊற்றுத் தண்ணீரால். அந்த ஊற்றைச் சுற்றி 3,400 வருடங்களுக்கு முன்பே மரச்சட்டம் அடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்! கோடையில் மட்டும் ஆள் வரும், குளிர் வந்தால் ஊர் காலி.

1864இல் கூல்ம் ஓட்டல்காரர் யோஹன்னஸ் பாட்ருட், ஊருக்குக் கிளம்பிய ஆங்கிலேய விருந்தாளிகளிடம் "குளிர்காலத்திலும் இங்கே வெயில் அடிக்கும், வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டினாராம். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை நகரவில்லை, வெயிலில் கறுத்துப்போய்த்தான் லண்டன் திரும்பினார்கள் என்பது கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் ஆல்ப்ஸின் குளிர்காலச் சுற்றுலாவை இந்தப் பந்தயத்திலிருந்துதான் கணக்குப் பண்ணுகிறார்கள். பாட்ருட் லேசுப்பட்டவரும் இல்லை, பாரிஸ் கண்காட்சியில் மின்விளக்கைப் பார்த்துவிட்டு 1879 வாக்கிலேயே ஓட்டலில் எரியவிட்டவர்.

கே: அப்போதே சறுக்கினார்களா?

ப: எங்கே! காலில் பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீ பின்னால் வந்தது. ஆங்கிலேயருக்குப் பைத்தியம் ஸ்லெட்ஜ் என்ற பனிச்சறுக்கு வண்டி மேல்தான், தெருவில் விட்டு நடப்பவர்களை இடித்துத் தள்ளியதால் தனிப் பாதையே போட்டார்கள். அப்புறம் 1928, 1948 என இரண்டு குளிர்கால ஒலிம்பிக்கும் இங்கே நடந்தன.