சித்திரை வெயில், கூட்டமான குளம்: விரால் எங்கே ஒதுங்கும்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தானுங்க லீவு. சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். ரொம்ப வருசமா காஞ்சு கெடந்த குளத்துல இப்பத் தண்ணி நிக்குது. காலைல பத்து மணிக்குத் தூண்டிலோட போய் நாலு மணி வரைக்கும் உக்காந்தாலும் ரெண்டு ஜிலேபி மீனுக்கு மேல தேறமாட்டேங்குது. பசங்க குதிக்கறாங்க, வண்டி கழுவறாங்க, ஒரு பக்கம் வண்டல் மண் எடுக்கற டிராக்டர் ஓடுது. அமெரிக்காக்காரங்க பாஸ் மீன் பிடிக்கற வீடியோ பார்த்து தூண்டில்ல மாட்டற ரப்பர் தவளை வாங்கி வெச்சிருக்கேன். வெயில் காலத்துல ஆழத்துல போடச் சொல்றாங்க. நம்ம விராலுக்கு அது ஒத்து வருமா? இல்ல, ராத்திரி போறதுதான் நல்லதா? பவானிசாகர்ல ராத்திரி உக்காரலாமுங்களா?”

தவளை ஒத்து வரும், ஆழம் ஒத்து வராது. காரணம் தெரிந்தால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

பாஸும் விராலும் பழக்கத்தில் பங்காளிகள்தான். இரண்டும் நிழலில் பதுங்கி நின்று, அருகில் வரும் இரையை ஒரே பாய்ச்சலில் அடிக்கும். ஆனால் பாஸ் செவுளால் மூச்சு விடும் மீன். தண்ணீர் சூடானால் குளுமையும் பிராணவாயுவும் இருக்கிற இடத்துக்கு இறங்கிப் போகும். விராலுக்குத் தலைக்குள் காற்று அறை இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத்தான் இறங்கும். மேலே வரவிடாமல் வலையில் மாட்டிக்கொண்டால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் மீன் அது. அதனால் மே மாதத்து மத்தியானத்தில்கூட அது ஆழத்தைத் தேடுவதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீராக இருந்தாலும் தலைக்கு மேல் இலையும் நிழலும் இருந்தால் அதற்குப் போதும்.

கட்லா, ரோகு கதை வேறு. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதுவும் பச்சைப் பசேலென்று பாசி பிடித்த குளத்தில், பகலில் பாசி பிராணவாயுவைத் தள்ளும், ராத்திரியில் அதே பாசி உறிஞ்சும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத்தான் குளத்தில் மூச்சுக்காற்று மிகக் குறைவு. அந்த நேரத்தில் கட்லா வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஆகா, மீன் இரைக்கு வந்திருக்கிறது’ என்று அவசர அவசரமாகத் தூண்டில் போடுவார்கள். மூச்சுக்குத் தவிக்கிற மீன் எங்கே இரை எடுக்கும்? பச்சைக் குளமாக இருந்தால், கெண்டை வகைகளுக்குச் சூரியன் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத் தூண்டிலைப் போடுங்கள்.

சரி, எங்கே உட்காருவது? நம் கொங்கு நாட்டில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும். பவானியும் நொய்யலும் அப்படித்தான் காவிரிக்கு ஓடுகின்றன. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும், நீர் வரத்து மேற்கிலிருந்து வரும். இதில் தூண்டில்காரருக்கு இரண்டு லாபம். காலையில் சூரியன் கரைக்குப் பின்னால் எழும்புவதால், கரையும் அதன் மேலுள்ள மரங்களும் கரையோரத் தண்ணீரின் மேல் நீளமாக நிழல் போடும். எட்டரை, ஒன்பது மணி வரை அந்த நிழல் நிற்கும். இன்னொன்று காற்று. வைகாசி நெருங்கும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் அலை வந்து மோதுவதும் இதே கரையில்தான். அலை மோதுகிற இடத்தில் தண்ணீரில் காற்று கலக்கும், மிதக்கிற பூச்சி புழுவும் அங்கேயே ஒதுங்கும். நீங்கள் பத்து மணிக்குப் போய்ச் சேருகிறீர்கள். அதற்குள் கரையில் நல்ல நேரம் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை ராத்திரியே ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டு ஆறு மணிக்குக் கரையில் இருங்கள்.

உங்கள் குளத்தைப் பற்றி ஒரு ஊகம். பவானி ஆற்றுத் தண்ணீரைக் குளங்களில் நிரப்ப 2024 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்களுடையது அதில் ஒன்றோ, கீழ்பவானி வாய்க்கால் கசிவில் நிற்பதோ, எதுவானாலும் பல வருசம் காய்ந்து கிடந்த குளம் என்றால் உள்ளே சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். இப்போது அது பாதி தண்ணீருக்குள் நிற்கும். மற்றவர்கள் தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) சிக்கிக்கொள்ளும் என்று அந்தப் பக்கமே போகமாட்டார்கள். விரால் அங்கேதான் இருக்கும்.

அந்த முள்ளுக்குள்ளும் ஆகாயத்தாமரைக்குள்ளும் தவளையை எப்படி விடுவது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முதல் கால் மணி நேரம் தூண்டிலைத் தொடாதீர்கள். சும்மா நின்று பாருங்கள். விரால் காற்று விழுங்க வரும்போது ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு சின்ன வட்டம், பின்னாலேயே நாலைந்து குமிழ். அடுத்த முறையும் அக்கம்பக்கத்தில்தான் வரும். இரண்டு தடவை பார்த்துவிட்டால் அது எந்தச் சந்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதன் தலையிலேயே தவளையைப் போடக்கூடாது. நாலைந்து அடி தள்ளி, அந்தப் பக்கத்து இலை மேல் விழும்படி வீசுங்கள். மெதுவாக இழுத்து, இலை முடிந்து தண்ணீர் தெரிகிற சின்ன இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். தங்கூசியைத் தொய்ய விட்டு இரண்டு மூன்று வினாடி சும்மா இருங்கள். முக்கால்வாசி அடி அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

தண்ணீர் சிதறியதும் கை தானாகவே வெட்டி இழுக்கும். இழுத்தால் தவளை மட்டும் உங்கள் முகத்துக்குப் பறந்து வரும். ரப்பர் தவளையில் தூண்டில் முள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. விரால் வாயை மூடி நசுக்கினால்தான் முள் வெளியே வரும். அதனால் ஒன்று, இரண்டு என்று எண்ணி, பாரம் கையில் தெரிந்த பிறகு ஒரே வெட்டு. அப்புறம் விளையாட விடவே கூடாது. கருவேல வேருக்குள் ஒருமுறை சுற்றிவிட்டால் முடிந்தது. இதற்கு மெல்லிய தங்கூசி ஆகாது. 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல், விறைப்பான 7 அடி ராடு வேண்டும். உயிர்த் தவளையைக் குத்திப் போட வேண்டியதில்லை; அது பாவம் என்பது ஒரு பக்கம், இலை மேல் இழுக்க ரப்பர்தான் வசதி.

தண்ணீர் மேல் சிவப்பாகப் பொடி விரால் குஞ்சுகள் ஒரு கூட்டமாகக் கொப்பளிப்பது தெரிந்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். கீழே காவல் நிற்கும் தாயும் தகப்பனும் எதைப் போட்டாலும் அடிக்கும், பிடிப்பது சுலபம்தான். ஆனால் அவற்றைத் தூக்கிவிட்டால் அன்றைக்கே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருசத்து விரால் அதுதான்.

கூட்டத்தைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். எல்லா மீனும் சத்தத்துக்கு ஒரே மாதிரி பயப்படுவதில்லை. கட்லா, ரோகு, கெளுத்தி இனங்களுக்குக் காற்றுப்பைக்கும் காதுக்கும் நடுவே சிறு எலும்புகளால் ஒரு தொடர்பு உண்டு. காது ரொம்பக் கூர்மை. பையன்கள் குதிக்கிற பக்கம் அவை பகலில் தலைகாட்டாது. ஜிலேபிக்கு அந்த ஏற்பாடு கிடையாது, பயமும் குறைவு. படித்துறையில் பாத்திரம் கழுவுகிற சோற்றுப் பருக்கைக்காக அங்கேயே சுற்றும். அதனால்தான் உங்களுக்கு அது மட்டும் தேறுகிறது. மத்தியானத்தில் போயே ஆக வேண்டுமென்றால் கூட்டத்தோடு சண்டை போடாமல் படித்துறை ஓரத்திலேயே சின்ன முள், தக்கை, மைதா உருண்டை என்று போட்டு ஜிலேபியைப் பிடியுங்கள். வறுத்தால் அதுவும் நல்ல மீன்தான். பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் பின்னால் பார்க்காமல் ராடை வீசக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வண்டல் எடுத்த குழிகளில் கோடையில் பெரிய கெண்டைகள் ஒதுங்கும். டிராக்டர் ஓடுகிற பக்கம் வேண்டாம், போன வருசத்துக் குழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாலை நாலரைக்கு மேல் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து அதன் விளிம்பில் போடலாம். கரையிலிருந்துதான் போட வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் குழியாக இருக்கும்; ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகள் உயிர் போவது இந்தக் குழிகளில்தான். சிக்கிய தூண்டிலை எடுக்க இறங்காதீர்கள், அறுத்து விடுங்கள்.

இனி ராத்திரி. விராலுக்காக ராத்திரி முழுக்க விழிக்க வேண்டாம். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம், விடிவதற்குச் சற்று முன், அது போதும். ஜிலேபி ராத்திரியில் படுத்துவிடும். ராத்திரி மீன் என்றால் கெளுத்தி, ஆரால், விலாங்கு. கெளுத்தி கண்ணால் தேடுவதில்லை, மீசையாலும் மோப்பத்தாலும் தேடும். பகலில் கூட்டம் கலக்கிவிட்ட படித்துறை ஓரம் ராத்திரியில் அதற்கு விருந்து. ஆட்கள் போய் ஒரு மணி நேரம் அடங்க விட்டு, கோழிக்குடலையோ மண்புழுவையோ ஈயக்குண்டு கட்டித் தரையில் கிடத்துங்கள். டார்ச்சைத் தண்ணீரில் அடிக்காதீர்கள், காலடியில் அடியுங்கள். கோடை ராத்திரியில் கரைமேட்டில் கண்ணாடி விரியன் நடமாட்டம் இருக்கும். மூடிய செருப்பு, கூட ஒரு ஆள், போனில் சார்ஜ் மூன்றும் இல்லாமல் உட்கார வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு.

இருட்டில் மாட்டிய மீனைக் கையால் தொடுவதற்கு முன் வெளிச்சத்தில் பாருங்கள். தேளி என்கிற கெளுத்தி வகை மீனின் பக்கமுள் குத்தினால் தோள் வரைக்கும் கடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். பிறகு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஒரு குறடும் பழைய துண்டும் பையில் இருக்கட்டும்.

எங்கே போனாலும் முதலில் குத்தகைதாரரைப் பாருங்கள். ஊர்க் குளம் ஏலம் போயிருந்தால் உள்ளே இருக்கிற வளர்ப்பு மீன் அவர் காசு போட்டு விட்டது. விராலுக்கு மட்டும் போடுகிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். சாயங்காலம் பரிசலில் வலை விடுகிற பக்கத்தையும் அவர்களே காட்டிவிடுவார்கள்.

பவானிசாகர் வேண்டவே வேண்டாம். அங்கே மீன்பிடி உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடம் இருக்கிறது. அதை விடுங்கள், நீர்ப்பிடிப்பை ஒட்டி இருப்பது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றியதும் யானைக்கூட்டம் இறங்குவது அந்த ஓரத்துக்குத்தான். அமராவதி அணையில் முதலையும் சேர்த்தி.

பிடித்த மீனை வெயிலில் கோர்த்துத் தொங்க விடாதீர்கள். கட்லா, ஜிலேபி என்றால் பிடித்தவுடன் ஐஸ். விராலுக்கு நனைத்த சாக்கு போதும், திருப்பூர் வரை உயிரோடு வரும். ராத்திரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும், அது சின்னது என்று இரக்கப்பட்டுத் திரும்ப விடாதீர்கள். வளர்க்கவே தடை உள்ள மீன் அது. வளர்ந்தால் உங்கள் குளத்து விரால் குஞ்சைத்தான் முதலில் தின்னும்.