பாக்கி நோட்டுல தேதி இருக்கா? டெல்டா தொழில் கேள்வி-பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் படிச்சேன். பாதிக்கு மேல சுத்தி சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, சரக்கு போகுது பணம் வரல. கும்பகோணத்துல 28 வருஷம் பாத்திரக் கடை கல்லாவுல உக்காந்தவன், இந்த வலி எனக்குத் தெரியும், அதனால இந்தத் தடவ கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

வாசகி, பாபநாசம்: ஐயா வணக்கம். மாப்பிள்ளை சம்பா அவல், கஞ்சி மாவு ரெண்டும் வீட்டுலயே போட்டு 2 வருஷமா கடைகளுக்குக் குடுக்கறேன், நல்லா போகுது. ஆனா கடைக்காரங்க ரெண்டு மாசம் மூணு மாசம் கழிச்சுதான் பணம் தர்றாங்க, கேட்டா அடுத்த சரக்கு போடுங்க சேத்துத் தர்றோம்ங்கறாங்க. கணக்குப் பாத்தா லாபம், கையில ஒண்ணும் இல்ல. நகை பேங்க்ல இருக்கு. நான் எங்க தப்பு பண்றேன்?

அம்மா, நகை பேங்க்ல இருக்குன்னு ஒத்த வரியில எழுதிட்டீங்க, அந்த வரியத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. முதல்ல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பாக்கெட் 100 ரூபாய்னு வச்சுக்குவோம், நெல்லு, இடிகூலி, கவர், வண்டி எல்லாம் சேத்து 70 ரூபாய் செலவு, மாசம் 300 பாக்கெட் போகுது. மூணு மாசம் பாக்கின்னா 900 பாக்கெட், அதாவது உங்க சொந்தக் காசு 63,000 ரூபாய் அடுத்தவங்க கடையில உக்காந்திருக்கு. இப்ப விற்பனை ரெண்டு மடங்காச்சுன்னு வைங்க, எல்லாரும் சபாஷ்ம்பாங்க, ஆனா உங்க காசு 1,26,000 வெளியில நிக்கும், அதுக்கு இன்னொரு நகை பேங்குக்குப் போகும். வியாபாரம் வளர வளர கை காயறது இதனாலதான். நீங்க செய்யற பொருள்ல தப்பு இல்ல, குடுக்கற முறையிலதான் தப்பு.

உங்க பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருத்தரச் சொல்றேன், நீங்க அவல் போடற மாப்பிள்ளை சம்பாவ எல்லாம் திரும்ப வயலுக்குக் கொண்டு வந்ததுல பெரிய பங்கு அவருக்கு, நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 2006-ல நெல் திருவிழாவ ஆரம்பிச்சு 174 பாரம்பரிய ரகங்கள மீட்டவர், 2018 டிசம்பர்ல நம்மள விட்டுப் போயிட்டார். அவர் கம்பெனி நடத்தல, லாபம் பாக்கல. ஆனா கடன் குடுக்கறது எப்படின்னு அவர்கிட்டதான் கத்துக்கணும்னு நான் மனசார நம்பறேன். திருவிழாவுக்கு வர்ற விவசாயிக்கு 2 கிலோ விதை, அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாத் திருப்பித் தரணும், அவ்வளவுதான் விதி. எவ்வளவு, எப்போ, எந்தப் பொருளா வரணும்ங்கற மூணும் குடுக்கற அன்னிக்கே ரெண்டு பேருக்கும் தெரியும். உங்க கடைக்காரங்ககிட்ட இந்த மூணுல ஒண்ணாவது பேசியிருக்கீங்களா?

செய்யவேண்டியது இதுதான். உத்யம் பதிவு, அதாவது சின்னத் தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு, இல்லன்னா இந்த வாரமே போடுங்க, ஆதார் வச்சு ஆன்லைன்ல இலவசம், யாருக்கும் காசு குடுக்காதீங்க. பதிவு இருக்கற சின்ன உற்பத்தியாளருக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள், அதுக்குள்ள பணம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு. 2023-24 கணக்கு ஆண்டுல இருந்து, இப்படிக் குடுக்காம வச்சிருக்கற தொகைய வாங்குனவர் வருமான வரியில செலவாக் காட்ட முடியாது, குடுத்த வருஷத்துலதான் காட்டலாம். பெரிய சூப்பர் மார்க்கெட்காரங்களோட ஆடிட்டருக்கு இது நல்லாத் தெரியும், பில்லுலயே உங்க உத்யம் நம்பர அடிச்சுக் குடுங்க. தெருமுனை மளிகைக் கடையில இந்தப் பேச்சு எடுபடாது, அங்க ஒரே வழி, பழைய பில்லு முடிஞ்சாத்தான் புது சரக்கு. பத்து கடையில நாலு கடை போயிடும். போகட்டும்மா, அந்த நாலு கடைதான் உங்க நகைய வச்சிருக்கு.

இன்னொண்ணு, தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டுல நிஃப்டெம்னு மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, முன்னாடி நெல் பதப்படுத்தறதுக்குன்னு இருந்த ஆராய்ச்சி நிலையம்தான் வளந்து இப்ப இந்தப் பேர்ல இருக்கு. உங்க கஞ்சி மாவு எத்தன நாள் கெடாம இருக்கும்னு டெஸ்ட் பண்றது, பேக்கிங், பயிற்சி எல்லாத்துக்கும் அங்க போய்க் கேக்கலாம். பாபநாசத்துல இருந்து பஸ்ல போயிட்டு அன்னிக்கே திரும்பிடலாம்.

வாசகர், துவாக்குடி: அப்பா 1990-ல ஆரம்பிச்ச ஃபேப்ரிகேஷன் யூனிட். ஒரே ஒரு பெரிய நிறுவனத்துக்குத்தான் வேலை செஞ்சோம், ஆர்டர் குறைஞ்சதுல 40 பேர் இருந்த இடத்துல இப்ப 9 பேர். மூடிடலாம்னு வீட்டுல சொல்றாங்க.

தம்பி, மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ உங்க ஷெட்டுக்குள்ள நின்னு, என்ன மெஷின் இருக்குன்னு பாக்காம, அந்த 9 பேருக்கு என்ன தெரியும்னு எழுதுங்க. திருவெறும்பூர்ல 1960-கள்ல பாய்லர் ஆலை வந்த பிறகு அந்தப் பக்கம் ரெண்டு தலைமுறை வெல்டர்கள் உருவாகியிருக்காங்க, பிரஷர் தாங்கற மாதிரி, பாய்லர் விதிமுறைப்படி ஐபிஆர் வெல்டிங் போடற கை எல்லா ஊர்லயும் கிடைக்காது. இப்ப கிழக்க திரும்பிப் பாருங்க. தஞ்சாவூர், திருவாரூர் பூரா புழுங்கல் அரிசி மில்லு, ஒவ்வொரு மில்லுலயும் உமி எரிக்கற பாய்லர், நெல்லு அவிக்கற டேங்க், டிரையர், எலிவேட்டர். சீசன்ல ஒரு ட்யூப் ஓட்டை ஆச்சுன்னா மில்லுக்காரர் தவிச்சுப் போயிடுவார், நாள் கணக்குல ஆள் வர்ற வரைக்கும் நெல்லு களத்துல கெடக்கும். உங்ககிட்ட இருக்கற கை அங்க தேவைப்படுது. பெரிய ஆர்டர் மாதிரி ஒரே பில்லுல வராது, சின்னச் சின்னதா வரும், ஆனா முப்பது மில்லுகாரர்ல ஒருத்தர் போனா மிச்சம் இருபத்தொம்பது பேர் இருப்பாங்க. ஒரே ஆள்கிட்ட வர்ற வேலை மொத்தத்துல மூணுல ஒரு பங்கத் தாண்டக்கூடாதுன்னு நான் வச்சிருக்கற கணக்கு. இது சட்டம் இல்ல, அடிபட்டவன் சொல்றது. ஒரு கல்யாண கான்ட்ராக்டர நம்பி என் கடை சரக்குல பாதிய அவருக்கே குடுத்துட்டு, 1,80,000 ரூபாய் வராமப் போய் நான் ரெண்டு வருஷம் தூங்கல.

வாசகர், கும்பகோணம்: மெஸ் வச்சிருக்கேன். சம்பளம் மத்தவங்களவிட ஜாஸ்தி தர்றேன், ஆனாலும் ஆளு நிக்க மாட்டேங்குது, மாஸ்டரும் போயிட்டார். என்ன காரணமா இருக்கும்?

அண்ணே, உங்க ஆளுங்க என்ன சாப்பிடறாங்க, எத்தன மணிக்கு, எங்க உக்காந்து? இத உங்களாலதான் பாத்துச் சொல்ல முடியும். மதியம் மூணரை மணிக்கு மிஞ்சுன சாம்பார ஊத்தி, கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல நின்னுகிட்டே சாப்பிடறாங்கன்னா அதுதான் பதில்.

பழைய தஞ்சாவூர் ஜில்லா கருவேலியில 1925-ல பொறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. பாய்லர் செய்யற பெல், கார் செய்யற மாருதி, எஃகு செய்யற செயில் மூணுக்கும் தலைமையில இருந்தவர். 1981-ல கம்பெனி பதிவாகி 1983 டிசம்பர்ல முதல் மாருதி கார் ரோட்டுக்கு வந்துடுச்சு, அந்தக் காலத்து அரசாங்க வேகத்துக்கு அது சாதாரணம் இல்ல. ஜப்பான்காரங்ககிட்ட மெஷினோட சேத்து வேலை பாக்கற முறையையும் வாங்குனாங்க. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே கேன்டீன், ஆபீஸ்லயும் தனித்தனி ரூம் இல்லாம எல்லாரும் ஒரே ஹால்ல. நம்ம ஊர்ல அப்பவும் இப்பவும் முதலாளி இலை வேற, வேலைக்காரர் தட்டு வேறன்னு ஊறிப் போயிருக்கு, அத மாத்தறது சுலபம்னு நான் சொல்லமாட்டேன். நாளைக்கு மதியம் நீங்களும் அவங்களோட அதே பந்தியில உக்காந்து அதே சாப்பாட்டச் சாப்பிடுங்க. பத்து நாள் தொடர்ந்து செய்ங்க. ஜாஸ்தி சம்பளத்தால நடக்காதது இதால நடக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

வாசகர், மயிலாடுதுறை: ஸ்வீட் கடை ஆரம்பிச்சு 14 மாசம். நல்லா ஓடுது. சீர்காழி, சிதம்பரத்துல உடனே பிராஞ்ச் போடலாமா? கடன் தர ஆள் ரெடியா இருக்காங்க.

ஒரு தீபாவளி, ஒரு பொங்கல்தான் பாத்திருக்கீங்க. கும்பகோணத்துல 1904-ல கும்பகோணம் பேங்க்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு சிட்டி யூனியன் பேங்க்னு நாடு பூரா இருக்கே அதேதான், 1987-ல இந்தப் பேரு வந்துச்சு, தலைமை அலுவலகம் இன்னும் கும்பகோணம்தான். அவங்க முதல் கிளை திறந்தது மன்னார்குடியில, 1930-ல. 26 வருஷம்! அது வரைக்கும் இந்த ஜில்லாக்குள்ளயே ஏஜென்சி முறையில நடத்தியிருக்காங்க, யார் எப்படி, யார் வாங்குனா திருப்பித் தருவாங்கன்னு ஆளப் பாத்துப் பாத்துப் பழகுன பிறகுதான் அடுத்த ஊரு. உங்கள 26 வருஷம் காத்திருக்கச் சொல்லல. நீங்க ஒரு வாரம் ஊர்ல இல்லாதப்போ அந்த மைசூர்பாகு அதே பதத்துல வருதான்னு மட்டும் பாருங்க. வருதுன்னா சீர்காழி போடலாம். கடன் தர ஆள் ரெடியா இருக்கறது பிராஞ்ச் போடறதுக்கு ஒரு காரணமே இல்ல.

வாசகி, சென்னை (சொந்த ஊர் திருவையாறு): ஐடி வேலைய விட்டுட்டு, கும்பகோணம் டிகிரி காபின்னு போர்டு போட்டு ஹைவேயில கடை வைக்கலாம்னு ஆசை. சரியா வருமாண்ணா?

அந்தப் போர்டு ஹைவே பூரா இருக்கும்மா, ஊர்ப் பேர் ஒருத்தர ஒரு தடவதான் வண்டிய நிறுத்த வைக்கும். சுவாமிமலையில சிலை வார்க்கற ஸ்தபதிங்களப் பாருங்க, மெழுகுல உருவம் செஞ்சு மேல காவிரி வண்டல பூசி, உருக்குன உலோகத்த ஊத்தி, கடைசில அந்த மண் அச்ச உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், ஒவ்வொரு சிலைக்கும் புது அச்சு. அந்த மண்ணும் கையும் சேந்துதான் அங்க பேரு நிக்குது. உங்க காபிக்கு அந்த மாதிரி எது? கலப்படமில்லாத பசும்பால் தெனம் தர்ற ரெண்டு வீடு முதல்ல கையில இருக்கணும். அது அமைஞ்ச பிறகு எழுதுங்க, விரிவாப் பேசுவோம். அதுவரைக்கும் வேலைய விடாதீங்க.

வாசகர், நீடாமங்கலம்: பம்ப் செட், பைப் கடை வச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் விவசாயிங்க, எல்லாரும் தெரிஞ்ச முகம், கடன் இல்லைன்னு சொல்ல வாய் வரல. கேட்டா சண்டை, கேக்கலன்னா எனக்கு சாப்பாடு இல்ல. முதல் கேள்வி மாதிரிதான், ஆனா இவங்க கடைக்காரங்க இல்லையே, என்ன செய்ய?

ஆமா, இது வேற. பாபநாசத்து அம்மாவுக்குச் சொன்னத உங்களுக்குச் சொல்லமாட்டேன். டெல்டாவுல விவசாயிக்குக் கடன் இல்லைன்னு சொல்லிட்டுக் கடை நடத்த முடியாது. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தாத்தான் பெரும்பாலும் குறுவை, திறக்கலன்னா சம்பா மட்டும், பணம் வருஷத்துல ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் அந்த வீட்டுக்குள்ள வருது.

எங்க அப்பா பாக்கி நோட்டப் பத்திச் சொல்றேன். சிவப்பு காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு, ஓரம் எல்லாம் எண்ணெய்க் கறை, பென்சிலாலதான் எழுதுவார். பேரு, ஊரு, அண்டா எத்தன கிலோ, தொகை, இது எல்லா கடையிலயும் இருக்கும். கடைசி கட்டத்துல மட்டும் அவர் வேற ஒண்ணு எழுதுவார், "ஏடிடி-36, ஐப்பசி 10" அப்படின்னு. அந்த ஆளு என்ன நெல்லு போட்டிருக்கார், எப்போ அறுப்பு. கடை ஈயடிக்கற ஆடி மாசத்துல சைக்கிள எடுத்துகிட்டு வலங்கைமான், குடவாசல் பக்கம் கெளம்பிடுவார். பாக்கியப் பத்தி வாயே திறக்க மாட்டார், வரப்புல நின்னு தண்ணி வந்துச்சா, என்ன நட்டிருக்கீங்கன்னு கேட்டுட்டு, சட்டைப் பையில இருந்து ஒரு துண்டுப் பேப்பர எடுத்துக் குறிச்சுக்குவார். அறுப்பு முடிஞ்சு நெல்லு போட்டு நாலு நாள்ல அந்த வீட்டு வாசல்ல சைக்கிள் நிக்கும். அவங்களே "வாங்கய்யா, உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்"ம்பாங்க. வைகாசில போய்க் கேட்டா அதே ஆளு சண்டைக்கு வருவார், ஏன்னா அன்னிக்கு அவர்கிட்ட காசு இல்ல, இல்லாதத எல்லார் முன்னாடியும் சொல்ல வச்சா யாருக்குத்தான் கோவம் வராது.

இப்ப நெல்லு நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகுது, பணம் பேங்க் கணக்குல ஏறுது, அதனால அறுப்பு தேதியோட மூட்டை போட்ட தேதியையும் கேட்டு வச்சுக்குங்க. கஜா புயல் மாதிரி வந்தா இந்தக் கணக்கு எதுவும் நிக்காது. 2018 நவம்பர்ல பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு முழுசா சாஞ்ச வருஷம் பாக்கி கேட்டுப் போக யாருக்கும் மனசு வரல, போகவும் கூடாது. அதுக்காகத்தான் நல்ல வருஷத்துலயே வர்ற லாபத்துல ஒரு பங்க கடைக்குள்ள திருப்பாம தனியா போட்டு வைக்கச் சொல்றேன், கடன் குடுக்கற மொத்தத் தொகைக்கும் உங்க மனசுல ஒரு கோடு இருக்கணும், அதத் தாண்டினா மோட்டார் ரொக்கத்துக்குத்தான், வாஷர் வேணா கடன்ல குடுங்க.

இப்ப நீங்க எழுதின மாசம் சம்பா நடவு. நோட்டுல இருக்கற பேரு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கட்டம் கோடு போட்டு, இந்த ஞாயித்துக்கிழமை கடைய அரை நாள் சாத்திட்டு வண்டிய எடுத்துகிட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்க. பாக்கியப் பத்தி மட்டும் பேசிடாதீங்க.