கணினி கேள்வி-பதில்: காணாமல் போன ‘அஸெர்ட்’

மீன் ஏலக் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். தப்பான எடை ஏறக்கூடாது என்று, நிபந்தனை பொய்யானால் ஓட்டத்தை நிறுத்தும் ‘அஸெர்ட் எடை > 0’ போட்டிருக்கிறேன். என் லேப்டாப்பில் தடுக்கிறது. துறைமுகத்துக் கணினியோ மைனஸ் 42 கிலோவையும் வாங்கிக்கொள்கிறது! புரோகிராமைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட்டில் எல்லாம் பாஸ். எங்கே கோளாறு?
– வாசகர், கடலூர் முதுநகர்

துறைமுகக் கணினியில் ஓட்டும் கட்டளையைப் பாருங்கள். ‘பைத்தான்’ என்பதை அடுத்து ‘-ஓ’, அதுவும் பெரிய எழுத்து ஓ, இருக்கும். இல்லையென்றால் ‘பைத்தான்ஆப்டிமைஸ்’ என்ற சூழல் மாறியில் 1 என்று வைத்திருப்பார்கள். எதுவானாலும் அஸெர்ட் வரிகளைக் கழற்றிவிட்டுத்தான் புரோகிராம் ஓடும். பைத்தான் மேல் தப்பில்லை. அஸெர்ட் என்பது ‘இப்படி நடக்கவே முடியாது’ என்று எழுதுபவர் தனக்கே வைத்துக்கொள்ளும் குறி. ஏலம் எழுதுபவர் விசைப்பலகையில் தட்டும் எடை அப்படியல்ல, நாளைக்கே தப்பாக வரும். அதற்கு ‘இஃப் எடை <= 0’ என்று பார்த்து ‘ரெய்ஸ் வேல்யூஎரர்’ (மதிப்பு தவறு என்று பிழை எழுப்பும் கட்டளை) போடுங்கள். எந்தக் கட்டளையில் ஓட்டினாலும் அது கழலாது.

டெஸ்ட் கோப்பில் எழுதும் அஸெர்ட்டின் கதை வேறு. அங்கே அதுதான் எதிர்பார்ப்பு: 42.5 கிலோ, கிலோ 180 ரூபாய், வரவேண்டியது 7650. பைடெஸ்ட் அந்த வரியைத் தானே மாற்றி எழுதிக்கொள்வதால், தவறினால் இரண்டு பக்க மதிப்பையும் காட்டும். டெஸ்ட்டை ‘-ஓ’ இல்லாமல் ஓட்டுங்கள். மைனஸ் எடைக்குப் பிழை எழுகிறதா என்று பார்க்கும் ‘பைடெஸ்ட்.ரெய்ஸஸ்’ கொண்டு ஒரு டெஸ்ட் சேருங்கள். அது இல்லாததால்தான் எல்லாம் பாஸ் ஆனது.

கையோடு இன்னும் இரண்டைத் தேடிப் பாருங்கள். ‘அஸெர்ட் கூடை_நீக்கு(எண்)’ என்பது போல வேலையையே அஸெர்ட்டுக்குள் வைத்திருந்தால், ‘-ஓ’வில் கூடை நீங்காது, பிழைச்செய்தியும் வராது. ‘அஸெர்ட் (எடை > 0, "எடை தவறு")’ என்று அடைப்புக்குறி போட்டால் அது ஒரு டியூப்பிள், அதாவது பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே தொகுப்பு. காலியில்லாத டியூப்பிள் எப்போதும் உண்மை, ஒருநாளும் தடுக்காது. பைத்தானே இதற்கு எச்சரிக்கை தருகிறது. பலர் அதைப் படிப்பதில்லை.

சி++ புரோகிராம்களைச் சோதிக்கும் கூகுள்டெஸ்ட்டில் ‘எக்ஸ்பெக்ட்’, ‘அஸெர்ட்’ இரண்டும் இருக்கின்றனவே, எதைப் போடுவது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

வழக்கமாக எக்ஸ்பெக்ட். தவறினாலும் மீதி வரிகள் ஓடும், ஒரே ஓட்டத்தில் எல்லாப் பிழையும் தெரியும். அடுத்த வரி ஒரு பாயிண்டரை (நினைவக முகவரியை) தொடப்போகிறது என்றால், அது காலியில்லை என்று முதலில் அஸெர்ட். இல்லாவிட்டால் டெஸ்ட்டே கிராஷ் ஆகும். ஆனால் அது நிறுத்துவது தான் இருக்கும் ஃபங்ஷனை மட்டும்தான். துணை ஃபங்ஷனுக்குள் வைத்தால், அழைத்த டெஸ்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.