4,29,49,67,297 என்ற எண்: கேள்வி பதில்

கேள்வி: எத்தனையோ பெரிய எண்கள் இருக்க, இந்த எண்ணை மட்டும் ஏன் தனியே எடுத்துப் பேசுகிறார்கள்?

பதில்: 2³² உடன் 1-ஐக் கூட்டினால் வருவது இந்த எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால், இதே முறையில் 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். ஆனால் ஆறாவதாக வரும் நம் எண் 641 × 67,00,417 என்று பிரிவதை 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் கண்டறிந்தார்.

கேள்வி: 641-க்கு முன்பு 115 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அந்தக் காரணியால் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1 (அதாவது, ஒன்றைக் கூட்டினால் மீதியின்றி வகுபடும்) என்பதால், 2-இன் அடுக்குகளில் 1-ஐ மீதியாகத் தரும் முதல் அடுக்கு 64 ஆகிறது. ஆகவே, ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (ஒரு பகா எண் வகுக்காத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும்), காரணியில் ஒன்றைக் குறைத்தால் வருவது 64-இன் மடங்காகவே இருக்க வேண்டும். 641 வரை இதற்குப் பொருந்தும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. தம் ஊகத்தை உடைக்கும் கருவி ஃபெர்மாவின் கையிலேயே இருந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

கேள்வி: வரிசையில் முன்னே உள்ள எண்களுள் ஏதேனும் இதை வகுக்குமா?

பதில்: வகுக்காது. முந்தைய ஐந்தையும் பெருக்கினால் 4,29,49,67,295 வரும். நம் எண்ணுக்கு இரண்டே குறைவு. ஆகவே அவற்றுள் எதனால் வகுத்தாலும் 2 மீதியாக நிற்கும் (3-க்கும் இது பொருந்தும்). மேலே சொன்ன ஐந்தில் 257-ஐயும் இதனால் விட்டுவிடலாம்.

கேள்வி: நீண்ட வகுத்தல் செய்யாமலே 641 இதன் காரணி என்று காட்ட முடியுமா?

பதில்: முடியும், நான் மிகவும் விரும்பும் நிறுவல் இது. 641 = 5 × 2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ தரும் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மறுபுறம், 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். அப்போது −2³² தரும் மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

கேள்வி: காரணியே தெரியாவிட்டாலும் இது பகு எண் என்று அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால், அது ஒரே வழியில்தான் முடியும். இதுவோ 65536² + 1² ஆகவும், 62264² + 20449² ஆகவும் அமைகிறது. சிறிய தேற்றத்தையும் சோதனையாகக் கொள்ளலாம். ஆனால் 2-ஐ அடிமானமாக (அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக) வைத்தால் இந்த எண் பகா எண்ணைப் போலவே தேறிவிடும், 3-ஐ வைத்தால்தான் அகப்படும்.